மாலை விழுந்த என் கண்கள்

உயிரோடிருக்கும்போதே என் கண்களுக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயமே கும்பிட்டிருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

2008ஆம் ஆண்டு, யுத்த காலம். மலையகத்தில், இரத்தோட்டையில் வீடியோக் கடை வைத்திருந்தேன். புதிதாக எச்.டி. கேமரா வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய வீடியோவைப் பெரிதாக்கும் மென்பொருள் ஒன்றும் கையில் கிடைத்தது. ‘பழைய கல்யாண கேசட்டும் எச்.டி. ஆகும்’ என்று வாசலில் போர்டு மாட்டினேன். (அதை முதலில் நம்பியவனும் நான்தான்.)

போர்டைப் பார்த்து செல்லம்மாக்கா வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். பத்து நாளைக்கு முன் பஸ்ஸில் வெடித்த குண்டில் அவர் கணவர் ராமையா போய்விட்டார். பெட்டியை மூடியே கொடுத்தார்கள். ராமையாவின் ஒரே படம் இருந்த அடையாள அட்டையும் அவரோடு எரிந்துபோயிருந்தது.

“நீங்க எடுத்த எங்க நாத்தனா கல்யாண வீடியோவுல அவரு நிக்கிறாரு தம்பி. கருமாதிக்கு வைக்க ஒரு படம் வேணும். கடைசியா மொகத்தக்கூட பாக்கல.”

“கவலய விடுங்கக்கா. பளிச்சுன்னு எச்.டி.யில தர்றேன்!”

கேசட்டில் ராமையா கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். முகம் கட்டைவிரல் நகமளவு. மென்பொருள் அதை வாசற்கதவு அளவுக்குப் பெரிதாக்கியது. பிசைந்த மாவு போல வழவழவென்று ஒரு முகம் வந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புத் திட்டு. அன்றைக்குக் கேமராவில் பதியாத கண்ணை மென்பொருள் எங்கே போய்த் தேடும்? இருந்ததை இழுத்து, நடுவில் ஊகத்தைப் போட்டு நிரப்பியிருந்தது. யோக்கியனாக இருந்தால் அதை அப்படியே அக்காவிடம் சொல்லியிருப்பேன். வாசலில் போர்டு தொங்குகிறதே!

புதுக் கேமராவைச் சோதிக்க என்னையே எடுத்து வைத்திருந்தேன். அசல் எச்.டி.; இமை மயிரை எண்ணலாம். அந்தக் கண்களை வெட்டி ராமையாவுக்கு ஒட்டினேன். (என்ன மூளை பாருங்கள்!)

கருமாதியன்று படத்துக்கு மாலை போட்டார்கள். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், பிறகு வீடியோ எடுத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்கள்.

“ஸ்டூடியோ தம்பி ராமையாவுக்குச் சொந்தமா?” என்று ஒருவர் கேட்டே விட்டார்.

செல்லம்மாக்கா சூடத்தட்டோடு படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

“தம்பி, இது ஒங்க கண்ணு.”

கேமராவை இறக்கினேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“தெளிவா வேணாங்க தம்பி. கலங்கலா இருந்தாலும் அவரையே குடுங்க.”

த்ரீவீலர் ஆட்டோ பிடித்துக் கடைக்கு ஓடினேன். கேசட்டில் இருந்தபடியே, தீப்பெட்டியளவில் அச்செடுத்துக் கொண்டுவந்து நீட்டினேன். அக்கா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“தலைய இப்பிடித்தான் ஒரு பக்கமா சாய்ச்சு நிப்பாரு,” என்றார். அதன் பிறகுதான் வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன்.

போர்டை அன்றே கழற்றிவிட்டேன். ஆனால் கதை வீட்டுக்கு வந்துவிட்டது. இன்றும் நான் கோபப்பட்டால் என் மனைவி, “மால போட்ட கண்ணால மொறைக்காதீங்க, சூடம் கொளுத்தணும்!” என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். செல்லம்மாக்கா வீட்டுச் சுவரில் அந்தத் தீப்பெட்டிப் படம் இன்னும் இருக்கிறது. அதில் ராமையாவுக்குக் கண் தெரியாது. ஆனாலும் அந்தப் பக்கம் போனால் நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.