பம்புசெட்டு அண்ணனின் மண்ணீரல்

தஞ்சாவூர்ப் பக்கம் முழுக்கத் தேடினாலும் எங்கள் தெரு பம்புசெட்டு அண்ணனைப் போல டாக்டரைக் குழப்பிய நோயாளி கிடைக்கமாட்டார். மோட்டார் ரிப்பேர்தான் தொழில். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் பைக் சறுக்கி, ஹேண்டில்பார் அவருடைய இடது விலாவில் குத்தியது. எழுந்தவர் ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்து, "இன்னும் ஈரம் போகலங்க" என்று நெல்லுக்காரரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். சாயங்காலம் தலைசுற்றி விழுந்தார். ஸ்கேன் பார்த்த டாக்டர், மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிகிறது என்றார்.

"ஆபரேஷன் வேணாம். அசையாம படுத்திருந்தா தானா ஆறிடும்."

அண்ணனுக்கு இங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. தையல் இல்லை, கட்டு இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிற சொந்தபந்தம் எதைப் பார்த்து உச்சுக்கொட்டும்? நர்ஸைக் கெஞ்சி வயிற்றைச் சுற்றி ஒரு கட்டுப் போட்டுக்கொண்டார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் திகைத்தார்.

"இது எதுக்கு?"

"பாக்க வர்றவங்களுக்குங்க சார்."

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: சில மாதம் கனம் தூக்கக் கூடாது, மறுபடி கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அண்ணனும் தலையாட்டினார். ஆனால் கொஞ்ச நாளிலேயே கோயில் திருவிழா வந்தது. சாமி பல்லக்கில் முன்பக்கம் இடதுபுறம் அவர் குடும்பத்து இடம். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணே, டாக்டர் கனம் தூக்கக் கூடாதுன்னாருல்ல?" என்றேன்.

"சாமியப் போயி கனம்னு சொல்றியேடா தம்பி."

அண்ணி அழ ஆரம்பித்தார்.

"மண்ணீரல் இருக்கறது எடப்பக்கம். நான் தூக்கறது வலது தோள்ல. அது பாட்டுக்கு அது இருக்கும்" என்று அண்ணிக்குச் சமாதானம் சொன்னார். குருக்களைக் கேட்டோம். டாக்டரைக் கேளுங்கள் என்றார் அவர். டாக்டருக்குப் போன் போட்டால், "தொடவே கூடாது" என்று கத்தினார். "அவரு வெளியூர்க்காரரு, நம்ம சாமியத் தெரியாது" என்று அண்ணன் பல்லக்குத் தண்டுக்கு அடியில் போய் நின்றுகொண்டார்.

வேறு வழியில்லாமல், தெருவிலேயே உயரமான நானும் இன்னொருவனும் அவருக்கு முன்னும் பின்னுமாகத் தோள் கொடுத்தோம். தண்டு அவருடைய துண்டை மட்டும் உரசிக்கொண்டு போனது.

"சாமி இந்த வருஷம் லேசா இருக்காருடா" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே" என்றேன். தோள்பட்டை பிய்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் பின்னால் அவர் பேச்சுச் சத்தம் ஓயாமல் கேட்கக் கேட்க, இன்னும் நாலு தெரு தூக்கலாம் போலிருந்தது.