துரைக்குத் தழையூட்டிய படலம்

வாழ்க! கஷாயக் கடலைக் கரண்டியால் கடைந்தவரும், கைப்பேசிவழி கைவரப்பெற்ற மருத்துவ ஞானத்தைக் குடியிருப்போர் குழுவில் விடியுமுன் பொழிந்து அண்டை அயலாரின் அரைத்தூக்கத்தை அழித்தவரும், இன்சூரன்ஸ் கிளை மேலாளருமாகிய மூலிகைச் செம்மல் வாழ்க! ‘இயற்கையை உண்டு நோயை வெல்க’ என்று ஊருக்கு உரைத்த திருவாய் அது. அலுவலக இழுப்பறைக்குள் உருளை வறுவலை ஒளித்துவைத்து, கோப்பு தேடுபவர்போல் குனிந்து குனிந்து கொறித்ததும் அதே திருவாய்தான்.

அன்னாரின் கூடத்து மூலையில், கம்பிக்கோட்டைக்குள் கொலுவீற்றிருந்தது துரை என்னும் பச்சைக் குறுங்கிளி. உள்ளங்கையில் அடங்கும் உருவம், ஊரையே எடுத்தெறியும் பார்வை. பிள்ளையில்லா வீட்டில் அவர் மனைவிக்கு வாய்த்த பேச்சுத்துணை அதுவொன்றே. நான்காண்டுகள் தினையன்றி வேறெதையும் தீண்டாத அவ்வேந்தன் ஒருநாள் தும்மினான். சிறகை உப்பிக்கொண்டு சுருண்டான். செம்மல் உடனே பூண்டும் இஞ்சியும் மிளகும் இடித்துக் கஷாயம் காய்ச்ச, மனைவியோ துரையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பறவை டாக்டரிடம் ஓடினாள். பின்தொடர்ந்த செம்மல் அங்கும் கஷாயப் பெருமையை விரித்துரைக்க, டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“சார், இதோட வெயிட்டே முப்பது கிராம். அத ஊத்தினீங்கன்னா தாங்காது. வெறும் தினையா தின்னு உடம்புல சத்தே இல்ல. பச்சைத் தழைய இது முன்னால நீங்க சாப்பிடுங்க. பாத்துப் பழகும்.”

சனிக்கிழமைக்குள் பழகாவிட்டால் இங்கேயே வைத்துக் குழாயில் ஊட்டவேண்டும், பயத்திலேயே சில பறவைகள் போய்விடும் என்றும் சொன்னார். மனைவிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

“தழைப்போரை யாமே நடத்துவோம்!” என முழங்கினார் செம்மல். மறுநாள் காலை, கொத்தமல்லிக் கட்டை வாளென ஏந்தி, பனியனே கவசமாய், பிளாஸ்டிக் நாற்காலியே தேராய்க் கூண்டின்முன் அமர்ந்து, ஒரு தழையை உதட்டருகே உயர்த்தி, “ஆஹா!” என்று விழிகள் சொருகச் சுவைத்தார், அதாவது, சுவைத்ததாய்க் காட்டிவிட்டுத் தோளுக்குப் பின்னால் எறிந்தார். பச்சையிலை பல்லில் பட்டாலே குமட்டும் மாவீரர் அவர். மூன்று நாள் இவ்வாறே போர் நடந்தது. சோபாவின் பின்புறம் தழை குவிந்தது.

வெள்ளியன்று துரை அசைந்தான். கம்பியிடுக்கில் செருகிய தழையைக் கௌவினான்; “ஆஹா” என்றான்; தலையைச் சிலுப்பித் தோளுக்குப் பின்னால் எறிந்தான். அடுத்த தழைக்கும் அதே “ஆஹா”, அதே எறிதல்.

தலை வாரிக்கொண்டிருந்த மனைவி சீப்பும் கையுமாக வந்து நின்றாள்.

“ஏங்க, அது நீங்க சொல்லிக்குடுத்தத ஒழுங்காதான் செய்யுது. ஒண்ணே ஒண்ண முழுங்கிக் காட்டுங்களேன்.”

உலகுக்கே உணவுநெறி உரைத்தவர் ஒரு தழையை வாயிலிட்டார். கன்னம் வீங்கியது, கண் கலங்கியது. கால்கள் புறமுதுகு காட்டிக் கைகழுவும் தொட்டிக்கு விரைந்தன. வாய் கொப்பளித்துத் திரும்பி, “இக்கிளியிடம் குறையுளது, எம் முறையில் இல்லை!” என்று பிரகடனம் செய்து, தம் வெற்றியைக் குழுவுக்கு அறிவிக்கக் கைப்பேசியுடன் பால்கனி புகுந்தார்.

அவளுக்கோ வேலைக்கு நேரமாகிவிட்டது. நின்றபடியே ரொட்டித்துண்டில் மிச்சத் தழையை வைத்துக் கடித்துக்கொண்டு, கூண்டின்மேல் கிடந்த சாவியைத் துழாவினாள். ரொட்டிக்கு வெளியே நீண்டு நின்ற காம்பை ஏதோ இழுத்தது. துரை கம்பியோடு ஒட்டி நின்று, தழையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்து, மென்று, விழுங்கிக்கொண்டிருந்தான். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, வாயில் ரொட்டியுடன் அசையாமல் நின்றாள். பேருந்து ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. பால்கனியிலோ, ‘எனது இயற்கை முறையால் கிளி குணமடைந்தது’ என்ற பொய்ச் செய்திக்கு நாற்பது கட்டைவிரல்கள் உயர்ந்துகொண்டிருந்தன.

நாளைக்குக் கொத்தமல்லி வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள் அவள்.