மேசைக்கடியில் பேசிய அனுபவம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பம்புசெட் விற்கும் ஒருவரின் வீட்டு மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா சொன்னது. அவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். நான் குறைத்தே எழுதுகிறேன்.

பம்புசெட் விற்பவருக்குப் பத்து வருட அனுபவம் இருந்தது. முகம்தான் இல்லை. அதாவது, இருந்தது, அதற்குச் சம்பளம் கொடுக்க யாரும் தயாராக இல்லை. அவரிடம் தொழில் கற்ற சுருள்முடிக்காரன் அவருக்கே மேலதிகாரியான அன்று, வீட்டுக்கு வந்து சபதம் போட்டார்.

"இனிமே இந்த மூஞ்சியைக் காட்டி எவன்கிட்டயும் வேலை கேக்க மாட்டேன்!"

"வேற யார் மூஞ்சியைக் காட்டப் போறீங்க?" என்றாள் மனைவி.

"உன் தம்பி மூஞ்சியை."

மச்சினன் வேலையில்லாமல் இருந்தான். தண்ணீரைக் குடிக்கத் தெரியும், ஏற்றத் தெரியாது. ஆனால் அவன் போனால் காய்கறிக்காரம்மா எடை போட்ட பிறகும் ஒரு கை அள்ளிப் போடுவார்.

வேறொரு பம்பு நிறுவனத்தில் மேலாளர் வேலை. நேர்காணல் கணினித் திரையில். மச்சினன் முன்னால் உட்கார்ந்து வாயசைக்க வேண்டும். மாமா மேசைக்கடியிலிருந்து பேசுவார். வேலை கிடைத்ததும் மாமா போய்ச் சேர்ந்துகொள்வார்.

"ஆள் மாறினா தெரியாதா?"

"திரையில எல்லாரும் அழகாத்தான்டி தெரிவாங்க. நேர்ல இப்படித்தான்னு நினைச்சுப்பாங்க."

"அடேயப்பா, என்ன மூளை! நீங்க பதிலை யோசிங்க. விண்ணப்பத்தை நான் அனுப்பிடறேன்."

நேர்காணல் நடந்தது. முழங்கால் தாடையில் இடிக்க, பத்து வருடத்தையும் கொட்டினார் மாமா.

"மாமா, என் காலை மிதிக்கிறீங்க."

"வாயை மட்டும் அசைடா!"

முடிந்ததும் மனைவி தம்பியின் நெற்றி வியர்வையை மட்டும் துடைத்துவிட்டாள்.

மறுநாள் போன் வந்தது. மூன்று மடங்கு சம்பளம். வாழ்த்துச் சொன்னவர் கூப்பிட்டது மச்சினன் பெயரை.

"அடிப்பாவி! அவன் பேரையா போட்டே?"

"யார் மூஞ்சியோ அவன் பேரைத்தானே போடணும்? உங்களுக்காக என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"அப்ப நான்?"

"உங்களுக்குத்தான் ஒரு வேலை இருக்கே. அவன்தானே சும்மா இருந்தான்."

மச்சினன் பணிவாகச் சொன்னான்: "தினம் போன்ல கொஞ்சம் சொல்லிக் கொடுத்துடுங்க மாமா."

"மூஞ்சி அவனுதா இருக்கட்டும். ஜெயிச்சது என் பதில்," என்று அவர் இன்றும் சொல்லிக்கொள்கிறாராம்.

அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் என் வகுப்புத் தோழியிடம் விசாரித்தேன். அன்று அவர்கள் பக்கத்து ஒலிபெருக்கி காலையிலிருந்தே பழுது. ஒரு பதிலும் காதில் விழவில்லை. வேலை கேட்ட மற்றவர்களை இன்னொரு நாள் வரச் சொன்னார்களாம். இவனை மட்டும் பார்த்ததே போதும் என்றார்களாம்.