ஜார்ஜியாவுக்கு ஒரு டிக்கெட்

கத்தரிக்காய் வாங்கப் போன இடத்தில்தான் ஜார்ஜியாவுக்குப் போவது என்று ராஜபாண்டி முடிவெடுத்தார்.

மதுரை வில்லாபுரத்துக் காய்கறிக் கடையில், கூடைக்கு முன்னால், கையில் செல்போனோடு நின்றார். கண் கத்தரிக்காயில் இருந்தது. மனசு காகசஸ் மலையில் பனியை மிதித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, எம்புட்டு போட?" என்று காய்க்காரம்மா மூன்று தடவை கேட்டாள்.

"ஒம்பது நாள்" என்றார் ராஜபாண்டி.

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. தெற்கு மாசி வீதியில் ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாளர். மெத்தப் படித்தவர் இல்லை, மெத்தையில் படித்தவர். கூட்டமில்லாத மத்தியானங்களில் இலவம்பஞ்சு மெத்தையில் சாய்ந்து, போனைத் திறந்து, உலகத்தைத் தடவிப் பார்ப்பார். லிஸ்பன் நகரத்து மேட்டுத் தெருவில் மஞ்சள் டிராம் ஏறுவார். மராக்கேஷ் சந்தையில் மசாலாக் குவியல்களுக்கு நடுவே நடப்பார், தும்மல்கூட வரும். காற்றில் ஒரு பஞ்சு பறந்தால் அவருக்கு அது பனி.

வீட்டிலும் இதே கதைதான். விமானங்கள் வில்லாபுரத்து மொட்டைமாடிகளுக்கு மேலே வயிறு தெரிய இறங்கும். துணி காயப்போட மாடிக்குப் போனவர், ஈரச் சேலையைக் கையில் பிடித்தபடியே அதில் ஏறிப் போய்விடுவார். சேலை அவர் கையிலேயே காய்ந்துவிடும்.

நிஜத்தில் அவர் போன அதிகபட்ச தூரம் திருச்செந்தூர்.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிக்குப் போய், சமணமலைப் பாறையில் உட்கார்ந்து, பெரு நாட்டைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை எழுதினார். அவருக்கென்று மெயில் கிடையாது. மனைவி முத்துமீனாவுக்கு மகள் ஒரு மெயில் வைத்துக் கொடுத்திருந்தாள். அதிலிருந்து சென்னைப் பயண இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். மறுமாதம் அச்சில் வந்தது. கட்டுரையின் கீழே: முத்துமீனா, மதுரை.

திருத்தச் சொல்லலாம் என்று பேனாவை எடுத்தபோது வாசகர் கடிதங்கள் வந்துவிட்டன. 'தனியாக ஆண்டிஸ் மலை ஏறிய மதுரைப் பெண்ணின் துணிச்சல்!' ராஜபாண்டி பேனாவை மூடி வைத்தார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாடுகள். மனைவியிடம் மூச்சு விடவில்லை. அவள் போனில் தங்கச்சியோடு பேசுவாள், சீரியல் பார்ப்பாள். மெயிலை அவள் எங்கே திறக்கப்போகிறாள்?

இப்போது ஆசிரியர் இசைவாணி எழுதியிருந்தார். இதழின் பத்தாம் ஆண்டுக்காக ஓர் எழுத்தாளரை ஒன்பது நாள் ஜார்ஜியாவுக்கு அனுப்புகிறார்கள். தேர்வானவர் முத்துமீனா. பாஸ்போர்ட் நகல் வேண்டும். கீழே போன் நம்பர்.

பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது. மச்சினி மகள் கல்யாணம் சிங்கப்பூரில் என்று சொன்னதை நம்பிப் புருஷனும் பெண்டாட்டியும் எடுத்தது. கல்யாணம் திருமங்கலத்தில் நடந்துவிட்டது. அவர் மட்டும் மாதம் ஒரு தடவை அதை எடுத்து வெற்றுப் பக்கங்களை முகர்ந்து பார்ப்பார்.

மறுநாள் கடையின் பின்கட்டில், மெத்தை அடுக்குக்கு நடுவே நின்று இசைவாணிக்குப் போன் போட்டார்.

"மேடம், நான் எழுத்தாளர் முத்துமீனாவோட வீட்டுக்காரர் பேசுறேன். அவங்களுக்கு மலைன்னா ஒத்துக்காதுங்க. அவங்களுக்குப் பதிலா நான் போயிட்டு வாரேன்."

"ஆண்டிஸ்ல ஏறினாங்களே சார்?"

"அங்க ஏறினதுலதான் மேடம் மூட்டுத் தேஞ்சிருச்சு."

"போன மாசம் நார்வேல அஞ்சு மணிநேரம் நடந்தாங்களே?"

"மிச்சமிருந்ததும் அங்க தேஞ்சிருச்சு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "சரி சார், அவங்களையே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க."

"தொண்டை கட்டியிருக்கு மேடம்."

"அப்ப எழுதி அனுப்பட்டும்."

எழுதத்தானே ராஜபாண்டி பிறந்தார்? அடுத்த நாள் மத்தியானம் ஒரு ஸ்பிரிங் மெத்தையில் கவிழ்ந்து படுத்து, மனைவி பேரில் உருக்கமாக எழுதினார். 'என் கால்கள் ஓய்ந்தாலும் என் கண்கள் ஓயவில்லை. அந்தக் கண்கள் என் கணவரே. அவரை அனுப்புங்கள்.' படித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. அனுப்பினார்.

பிறகு மல்லாந்து படுத்தார். திபிலீசி நகரத்துப் பழைய மர பால்கனிகள் மேலே மிதந்தன. மண்ணுக்குள் புதைத்த தாழியிலிருந்து யாரோ திராட்சை மது மொண்டு ஊற்றினார்கள். கொழுக்கட்டை மாதிரி ஒன்றைக் குடுமியைப் பிடித்துத் தூக்கி, ஓரத்தைக் கடித்து, உள்ளே இருந்த சாற்றை முதலில் உறிஞ்சினார். தூரத்தில் பனிமலை ஒன்று, அவரை அடையாளம் தெரிந்ததுபோல் நின்றது.

சாயங்காலம் பதில் வந்தது.

'அன்புள்ள முத்துமீனா, நேற்று மாலை நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாஸ்போர்ட் நகல் கிடைத்தது. டிக்கெட் போட்டாயிற்று. இன்றைய மெயிலில் கணவரை அனுப்பச் சொன்ன உங்கள் நகைச்சுவையை அலுவலகமே ரசித்தது.'

ராஜபாண்டி வீட்டுக்குள் நுழைந்தபோது முத்துமீனா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"முத்து... ஜார்ஜியா எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

"கருங்கடலுக்குக் கிழக்க. சட்னி போதுமா?"

ராஜபாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"பெருவுலயே தெரியும். அது என் மெயிலுங்க. ரெண்டு வருசமா என் போன்ல டிங்கு டிங்குன்னு அடிக்குது. நான் என்ன செவிடா?"

"எல்லாத்தையும் படிச்சியா?"

"படிச்சது மட்டுமா? மொராக்கோக்காரன் கறிய வதக்கிட்டு அப்புறமா கழுவுனான்னு எழுதி வச்சிருந்தீங்க. என் பேர்ல போகுது. நாலு பொம்பளைக படிச்சா என்னைய என்ன நெனப்பாக? நீங்க மெயில்ல எழுதி வச்சிட்டுக் காலையில குளிக்கப் போறப்ப சாப்பாட்டுப் பகுதிய நான் திருத்தி வச்சிருவேன். நீங்க துண்டோட வந்து அனுப்பிருவீங்க."

பத்துக் கடிதம் வந்தால் எட்டு அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் வரும். 'வாயில் எச்சில் ஊறியது சகோதரி' என்று தேனியிலிருந்து ஒருவர் மாதாமாதம் எழுதுவார். அச்சில் மாறியிருப்பதை இவரும் பார்த்திருக்கிறார். இசைவாணிக்கு நல்ல கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னீங்களா?"

தோசைக்கல் சுர்ரென்றது. அவர் தட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "எனக்கு ஒரே ஒரு தடவை அந்தப் பனியத் தொட்டுப் பாக்கணும் முத்து. வேற ஒண்ணும் இல்ல."

முத்துமீனா தோசையைத் திருப்பினாள். "தெரியும்ங்க" என்றாள். ஓரம் முறுகலாக இருந்த தோசையை அவர் தட்டில் வைத்தாள். "எனக்கும்தான்."

மாடியில் துணி காயப்போட்டவர் அவர். அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் கீழே அடுப்படி ஜன்னல் வழியாக அதே விமானத்தைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி நின்றிருக்கிறாள் என்பது இருபத்தைந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

மதுரை விமான நிலையத்தில் முத்துமீனா சுங்குடிச் சேலைக்குக் கீழே புது வெள்ளை ஷூ போட்டிருந்தாள். துபாய் போய் அங்கிருந்து மாற வேண்டும். பெட்டியை ராஜபாண்டிதான் உருட்டி வந்தார். வாசலில் சிப்பாய் டிக்கெட் கேட்டார். அவள் காட்டினாள். இவர் கைப்பிடியை விடாமல் நின்றார்.

"மாவு பிரிட்ஜில இருக்கு" என்றாள். "ஐஸ்லாந்துக் கட்டுரைய வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்டிருக்காங்க. சாப்பாட்டுக்கு மட்டும் எடம் விட்டு வைங்க."

"சரி முத்து."

"பனி ஐஸ் மாதிரி இருக்குமா, பஞ்சு மாதிரி இருக்குமா?"

"பஞ்சு மாதிரி" என்றார் உடனே. பிறகு சந்தேகம் வந்தது. "தொட்டுப் பாத்துட்டு போன் போடு."

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். ராஜபாண்டியால் தாங்க முடியவில்லை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"முத்து! அடுத்த தடவை கூப்பிட்டாங்கன்னா நானும் வாரேன்!"

அவள் திரும்பினாள். அவ்வளவு அன்பாக அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"எதுக்குங்க? பாக்காததாலதான அம்புட்டு அழகா எழுதுறீங்க. நேர்ல பாத்துக் கெடுத்துக்கிறாதீங்க."