எழுநூற்று எண்பது கைகுலுக்கல்கள்

பூட்டுப் பக்தர்கள் என்றோர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது செத்தாலும் கவலையில்லை. பூட்டு பத்திரமாக இருக்க வேண்டும். தேர்வாய் கண்டிகையில் ஒரு பெயின்ட் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஆதிகேசவன் இந்த இனத்தின் அசல் மாதிரி.

அங்கே கலவைக் கூடத்தில் நாற்பது டப்பாக்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. மூளை அதைவிடச் சிறிது. கேஸ் கசிந்தால் மோப்பம் பிடித்து, நாற்பதுக்கும் பொதுவான ஒரே ரகசியச் சாவியால் செய்தியைப் பூட்டி அனுப்பி, அபாயச் சங்கை ஊதவைக்க வேண்டும். ஒரு டப்பாவை மாற்றினால் சாவியையும் மாற்ற வேண்டும். நியாயம்தான்.

"டப்பாங்கள கிளை கிளையாப் பிரிச்சிக்கலாம் சார். டப்பா மாறுன கிளையில மட்டும் ஆறு கணக்கு போட்டா போதும், புதுச் சாவி வந்துடும்" என்றாள் இன்ஜினியர் உமைரா.

ஆதிகேசவனுக்கு வேர்த்துவிட்டது. ஆறா? ஆறில் முடிகிற காரியத்துக்கு அதிகாரி எதற்கு? புதுச் சாவிக்காக நாற்பதும் ஒன்றோடொன்று தனித்தனியே கணக்குப் போட்டுக் கைகுலுக்க வேண்டும், ஆக மொத்தம் எழுநூற்று எண்பது, அதுவும் ராகுகாலம் கழிந்த பிறகு என்று உத்தரவு போட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு டப்பா மாறியது. பன்னிரண்டு மணிக்கு நல்லபடியாகக் கைகுலுக்கல் தொடங்கியது. நாற்பது அப்பாவி மூளைகளும் பெருக்கி, வகுத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது குழாய் கசிந்தது. காண்ட்ராக்ட் தொழிலாளி ஹெலன் அதிகாரியின் அறைக்கு ஓடினாள்.

"சார், தலைய சுத்துது. டப்பா இன்னாத்துக்கு சும்மாக் கீது?"

"சும்மா இல்லம்மா, சாவி மாத்திக்கினு கீது. ஐநூறு முடிஞ்சிச்சி."

"அதுக்குள்ள நாங்க முடிஞ்சிடுவோம் போலகீதே! கேஸுன்னு வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

"சாவி இல்லாம சொன்னா வெளியாளு கேட்டுடுவாம்மா."

"கேக்கட்டும் சார்! கேட்டாதான ஓடியாருவான்!"

திரும்பி ஓடிய ஹெலன், ஸ்பானரால் காலி டிரம்மை அடித்து, "கேஸுடி! வெளிய ஓடியாங்கடி!" என்று கத்தினாள். உள்ளே இருந்த பதினேழு பெண்களும் தப்பினார்கள்.

மறுநாள் மெமோ வந்தது. கசிந்த குழாய்க்கல்ல, ஹெலனுக்கு. கம்பெனியின் ரகசியத் தகவலைப் பூட்டாமல், பொது இடத்தில், உரத்த குரலில் வெளியிட்டது ஏன்?

ஹெலன் ஒரே வரியில் பதில் எழுதினாள்: "பதினேழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், இதையாவது ரகசியமாக வைத்துக்கொள்ளவும்."

சிரிக்கிறீர்கள். நல்லது. இந்த நிமிடம் நீங்கள் மயங்கி விழுந்தால், உங்கள் கைப்பேசியைத் திறந்து வீட்டுக்குச் சொல்ல யாராலாவது முடியுமா? முடியாதா? ஆதிகேசவன் தன் பெண்ணுக்கு வரன் தேடுகிறார். உங்கள் வீட்டில் பையன் இருந்தால் சொல்லுங்கள், குடும்பங்கள் பொருந்தும்.