மாமாவின் துப்பாக்கியும் அதைச் சோதித்த புண்ணியவானும்

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய முனுசாமி மாமா அவர்களுக்கு, அக்கா மகன் பார்த்திபன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், எங்கள் கேன்டீன் சாம்பார் நலமில்லை. அங்கே நீங்களும் கங்கம்மா அத்தையும் உங்கள் மகள் அருணாவும் இரண்டு ஏக்கர் வேர்க்கடலையும் உங்கள் இடது காதும் நலமா? வலது காதின் நிலைமை எனக்குத் தெரியும். போனில் நான் "கம்பெனி லெட்டர் வந்துருக்கு" என்று நாலு தடவை கத்தினேன், நீங்கள் நாலு தடவையும் "சாப்ட்டேன்டா" என்றீர்கள். அதனால்தான் கடிதம்.

இதோடு ஒரு புகார் மனு வைத்திருக்கிறேன். அதில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். போடும்போது கோபம் குறைந்திருக்கக் கூடாது என்பதற்காக நடந்ததை எல்லாம் முதலிலிருந்து எழுதுகிறேன். பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் கேட்டு மூன்று வருடம் செருப்புத் தேய நடந்தீர்கள். உதவியாளர் என்று என் பெயரையும் உரிமத்தில் சேர்த்தீர்கள். ஆனி மாதம் இரட்டைக் குழல் துப்பாக்கி வந்து சேர்ந்தது, எண்ணெய் மினுமினுப்போடு, ஒரு வருட வாரண்டி அட்டையோடு. ஆற்றங்கரைக் கருவேலங்காட்டிலிருந்து பன்றிகள் இறங்கின. அவற்றைப் பயமுறுத்தலாம் என்று வானத்தைப் பார்த்து ஒரு விசையை அழுத்தினீர்கள், 'டிக்' என்றது. அடுத்த விசையை அழுத்தினீர்கள், அதுவும் 'டிக்'. பெரிய பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கடலையைத் தோண்டியது. "அது பயப்படலடா பார்த்தி, என்னப் பாத்துப் பாவப்படுது" என்று நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அத்தைதான் காரணம் கண்டுபிடித்தார். "பூச போடாத கையில எடுத்துக்கினு போனா அது எப்புடி வெடிக்கும்? இன்னா ஆம்பளைங்களோ!" ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, பம்புசெட்டு ஸ்பேனர், அருணாவின் லேப்டாப் எல்லாவற்றோடும் துப்பாக்கியும் உட்கார்ந்தது. குழல், விசை, இடுக்கு ஒன்று பாக்கியில்லாமல் அத்தை சந்தனமும் குங்குமமும் வைத்தார். இரண்டு நாள் கழித்து நீங்கள் தோட்டா போட்டு மடக்கி மூடினீர்கள், அவ்வளவுதான். விசையில் யார் விரலும் இல்லை. படார்! பம்புசெட்டுக் கூரையில் முறம் அளவுக்கு ஓட்டை, நீங்கள் வாய்க்காலில், உங்கள் வலது காதில் ஊய் என்று சத்தம். அத்தை மட்டும் சந்தோஷமாக "பாத்தியா, பூச போட்டதும் வெடிச்சிச்சு" என்றார்.

அப்புறம் நான் அதைப் பையில் போட்டு, உரிமத்தைச் சட்டைப் பையில் வைத்து, சென்னைக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்து "இன்னாபா இது, நாதஸ்வரமா?" என்றார். "துப்பாக்கிண்ணா." பக்கத்தில் இருந்த நாலு பேர் எழுந்து நின்றார்கள். "தோட்டா கீதா உள்ள?" "இல்லண்ணா. இருந்தாலும் நாம சுட்டா வெடிக்காது, புதுசு." "அப்ப லக்கேஜ் டிக்கெட் ஒண்ணு வாங்கிக்கோ" என்று கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மாமா, இந்தக் கதை முழுவதிலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் அவர்தான்.

துப்பாக்கிக் கடைக்காரர் துளசிராமன் வாரண்டி அட்டையைக் கண்ணாடி போட்டும் படித்தார், கழற்றியும் படித்தார். "வாரண்டி கீது தம்பி. ஆனா சுட்டதால வர்ற பழுது இதுல சேராது."

"நாங்க சுடவே இல்லிங்க. அதுவா சுட்டுக்கிச்சு."

"அதுவா சுட்டுக்கினா அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லியே நைனா. 'இதர' அப்டினு போட்டு அனுப்புறேன்."

'இதர' வடக்கே தொழிற்சாலைக்குப் போய் இரண்டரை மாதம் கழித்துத் திரும்பி வந்தது. புது ஸ்பிரிங் போட்டதாகச் சீட்டு ஒட்டியிருந்தது: 'சோதிக்கப்பட்டது. சரி.' துப்பாக்கிக் கட்டையில் ஒரு ஸ்க்ரூவைக் காணோம். குறி பார்க்கும் மணி கோணலாக இருந்தது, பன்றியைக் குறி வைத்தால் பக்கத்து வயல் அருணாச்சலம் தெரிந்தார். அவரை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்துச் சுட்டோம். வலது 'டிக்', இடது 'டிக்'. இப்போது தானாகவும் வெடிப்பதில்லை என்பதுதான் முன்னேற்றம்.

திரும்ப அனுப்பலாம் என்று கட்டி வைத்த அன்றைக்குத் தேர்தலை அறிவித்துவிட்டார்கள். உரிமம் உள்ள துப்பாக்கி எல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். ஏட்டு சுப்பிரமணி ரசீது எழுதிக்கொண்டே "வேல செய்யுதா இது?" என்று கேட்டார். "இல்லிங்க சார்" என்றேன். "அப்ப பேஜாரே இல்ல. இந்த ஸ்டேஷன்லயே பாதுகாப்பான துப்பாக்கி இதான்" என்று மூலையில் சாய்த்து, அதன் மேல் தன் குடையை மாட்டினார். ஊர் அமைதியாக ஓட்டுப் போட வேண்டுமாம், அதற்கு விவசாயியின் கையைக் கட்ட வேண்டுமாம். பன்றிகளுக்கு யாரும் தேர்தல் நடத்தை விதிமுறையை வாசித்துக் காட்டவில்லை. அவை தினமும் வருகின்றன. கடலை எடுக்க இன்னும் இருபது நாள்தான். பாதி வயல் பன்றியின் வயிற்றில் இருக்கிறது, மிச்சப் பாதியையாவது வீட்டுக்குக் கொண்டு வரணும் என்று அத்தை போனில் அழுதார்.

இந்த நேரத்தில்தான், மறுபடி வெடிக்கவில்லை என்று நான் எழுதிப் போட்டதற்குப் பதிலாக, நேற்று என் முகவரிக்குத் துப்பாக்கிக் கம்பெனியின் கடிதம் வந்தது. முன்பு பழுது பார்த்தபோது 'இயக்கப் பகுதியில் சிவப்பு நிற வேதிப்பொருள் கண்டறியப்பட்டதால்' வாரண்டி செல்லாதாம். மாமா, அத்தையின் குங்குமம்! இருந்தாலும் பெரிய மனது பண்ணி, முன்பு போட்ட அதே ரக ஸ்பிரிங் ஒன்றை ஒட்டிய பாக்கெட்டில் இனாமாக அனுப்பியிருக்கிறார்கள், நாமே மாட்டிக்கொள்ள வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை அன்று அளவு பார்க்கும் கேஜுக்கே சந்தனம் பூசி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவோம், அன்றைக்கு அதைத் தொடக் கூடாது. அதனால் எந்த கேஜ் கெட்டது? குங்குமமா மாமா குற்றவாளி? பார்க்காமலே 'சரி' என்று போட்டானே, அவன் குற்றவாளி!

நானும் நாலு வருடமாகத் தரம் பார்க்கிறவன்தான். நாலு வருடமாக டிரெய்னி என்றே கூப்பிடுகிறார்கள், அடுத்த மாதம் நாலு பேரை நிரந்தரமாக்கும் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. அந்தத் தகுதியில் சொல்கிறேன், ஒரு தவறான பொருள் ஒரு நல்லவன் கையைத் தாண்டிப் போகாது. இவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஏசி அறையில் உட்கார்ந்து, பல் குத்திக்கொண்டே சீல் குத்தியிருப்பான். அவன் சீல் பிடித்த கை விளங்காமல் போக. "ஓகே போட்டவன் மூஞ்சிய நான் ஒரு தபா பாக்கணும்டா" என்றீர்களே, அதே வார்த்தையை மனுவில் நாகரிகமாக மாற்றி, அந்த ஆளைக் கண்டுபிடித்து உடனே வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, கிடைத்த அன்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

பெரியபாளையத்தம்மன் உங்கள் வயலுக்கும் காதுக்கும் துணையிருக்கட்டும். அத்தைக்கு என் வணக்கம், அருணாவுக்கு என் அன்பு, அருணாச்சலம் ஓரமாகவே நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்,
பார்த்திபன்.

பின்குறிப்பு: மனுவை அனுப்பிவிடாதீர்கள். கடிதத்தை ஒட்டும் முன், ஸ்பிரிங்கையும் உள்ளே வைக்கலாம் என்று பாக்கெட்டைப் பிரித்தேன். உள்ளே மஞ்சள் சீட்டு. எங்கள் தொழிற்சாலைச் சீட்டு. தேதி ஆயுத பூஜை. சீல் 'ஓகே 17'. பதினேழு நான்தான் மாமா. அன்றைக்கு கேஜ் சாமி முன்னால் இருந்தது, வாசலில் லாரி நின்றது, சூப்பர்வைசர் ஜெரால்ட் சார் வந்து "சீல குத்து பார்த்தி, சாமி பாத்துக்கும்" என்றார். அவர் சர்ச்சுக்குப் போகிறவர், நம் சாமி மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையில் நெகிழ்ந்து நாலு பெட்டிக்குக் குத்தினேன். குத்தாவிட்டால் மறுநாள் ஷிப்ட் கிடையாது. எங்கள் ஸ்பிரிங் எங்கே போகிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது அளந்து பார்த்தேன், அரை மில்லிமீட்டர் குட்டை. முதலில் தானாக வெடித்தது யார் கைவரிசையோ, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேலே 'கை விளங்காமல் போக' என்ற வரியை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள், பல் குத்தியதையும். ஓகே போட்டவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்றீர்கள், லீவு சொல்லிவிட்டு சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறான். கடலை எடுக்கிற வரை வயலில் அவனே காவல் நிற்பான். பன்றி விரட்டப் பெரிய தகர டின் ஒன்று எடுத்து வையுங்கள். சத்தம் சரியாக வருகிறதா என்று இந்தத் தடவை நான் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வயலுக்குள் இறங்குவேன்.