சிலபஸில் இல்லாத சிப்பாய்

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் யாராகவோ இருக்கட்டும். அதை யோசிக்காமலே ஆடலாம் என்று கண்டுபிடித்த பெருமை எங்கள் நாமக்கல் பக்கத்தையே சாரும்.

கோழிப்பண்ணை மணியன் மகள் தனப்பிரியா சேர்ந்தது அப்படியொரு மகத்தான பயிற்சி மையம். விடியுமுன் மணியடிக்கும். காய்களைத் தொட அனுமதி இல்லை, 'கவனம் சிதறும்'. குயின்ஸ் கேம்பிட் என்ற தொடக்கத்தைக் கோரஸாக ஒப்பிக்க வேண்டும்.

"சார், நம்ம சிப்பாயை எதுக்குங்க சும்மா வெட்டக் கொடுக்கறோம்?" என்று கேட்டாள் தனப்பிரியா.

"எதிராளி வெட்டமாட்டான் சாமி. நம்ம கைடுல வெட்டலை," என்றார் இயக்குநர் வெங்கடாசலம். நீட்டுக்கு விலங்கியல் நடத்திப் பழுத்த மேதை.

"வெட்டிப்போட்டா?"

"இதுவரைக்கும் பரிச்சையில கேட்டதில்லை. உடு."

மணியனின் தீர்ப்பு இன்னும் தெளிவு. "சேலம் போட்டியில தோத்தீன்னா பலகை பரணுக்கு, நீ நீட் ஹாஸ்டலுக்கு. பாதி ஊருக்குச் சொல்லிப்போட்டேன் கண்ணு."

சேலத்தில் எதிரே உட்கார்ந்தவள் ஜலகண்டாபுரத்து நிலா. கைடு வாங்காத பிள்ளை. நீட்டிய சிப்பாயை வெடுக்கென்று வெட்டிவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே வெங்கடாசலம் அலறினார். "ஏனுங்க நடுவரே! இது சிலபஸ்லயே இல்லீங்க! கருணை மதிப்பெண் போடுங்க!"

"பாப்பாவுக்கா, உங்களுக்கா?" என்றார் நடுவர்.

தனப்பிரியாவின் கண்ணில் பரண் தெரிந்தது. வேறு வழியில்லாமல் பலகையைப் பார்த்தாள். பயிற்சியில் சேர்ந்த பிறகு அதை அவள் உற்றுப் பார்ப்பது அதுவே முதல்முறை. நடுவில் நின்ற கறுப்புச் சிப்பாய், பாயசம் தெரிந்த பக்கம் பந்தியில் இடம் மாறினவன் போல ஓரத்துக்குப் போயிருந்தது. நடு இடம் காலி! ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, ராணியின் சிப்பாய் பக்கத்தில் நிறுத்தினாள். மந்திரிக்கும் வழி திறந்தது. 'அட, இதுக்குத்தான் கொடுத்ததா!' அதன்பின் நிலாவின் காய்களுக்குக் கால் வைக்க இடமில்லை. வென்றாள்.

மையத்தின் வாசலில் ஃப்ளெக்ஸ் எழுந்தது: 'நமது மனப்பாடத் திட்டத்தின் மாபெரும் வெற்றி!' வெங்கடாசலம் ஆளுயரத்தில். தனப்பிரியா மூலையில், முட்டை அளவில்.

அந்த ஆட்டத்தையே அச்சடித்துப் பாடமாக்கி, தேர்வும் வைத்தார்கள். 'மூன்றாவது நகர்த்தலுக்குக் காரணம் கூறுக.' எல்லாப் பிள்ளைகளும் 'கைடில் உள்ளபடி' என்று எழுதித் தேறினார்கள். தனப்பிரியா மட்டும் 'யோசித்தேன்' என்று எழுதியிருந்தாள்.

பூஜ்யம்.

பலகை இப்போது பரணில் இருக்கிறது. "புள்ளதான் ஜெயிச்சுதேங்க?" என்று கேட்டால், மணியன் நம்மைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

"ஜெயிச்சா போதுமாங்க? மார்க்கு வேண்டாமுங்களா?"